குஜ்ரியில் வாங்கிய பிரேக்



சில மாதங்களுக்கு முன் நமது சபையில் ஒரு சகோதரர் சாட்சி கூறினார். அவர் இந்நகரில் வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவர். மனைவி, இரு பிள்ளைகள், வயது சென்ற தாயார் ஆகியோரோடு சேலத்தில் ஒரு திருமணத்திற்குத் தமது காரிலேயே புறப்பட்டிருக்கிறார். தருமபுரியைக் கடந்து தொப்பூர் கணவாயில் இறங்கும்போது, மிதித்த பிரேக் தரைமட்டும் போய்விட்டது. வண்டி நிற்கவில்லை. கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, சாலையோர மண்மேட்டில் உரசவிட்டு நிறுத்தியிருக்கிறார். சபையார் அல்லேலூயா என்று ஆர்ப்பரித்தார்கள். நானும் ஸ்தோத்திரம் சொன்னேன்.

ஆராதனை முடிந்தபின் அவரைத் தனியே அழைத்து, "தம்பி, அந்தப் பிரேக் சாமானை எங்கே வாங்கினீர்கள்?" என்று கேட்டேன்.

"சிவாஜிநகர் குஜ்ரியில்தான் ஐயா. உங்களிடம்கூடச் சொன்னேனே" என்றார்.

சொல்லியிருந்தார். பிரேக் மாஸ்டர் சிலிண்டர் பழுதானபோது, புதியதன் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குப் பழையது கிடைத்ததென்று அவர் மகிழ்ந்து சொன்னபோது, "நல்ல சிக்கனம்" என்று பாராட்டியவன் நானே. அந்த வார்த்தை என்னை உறுத்துவதால்தான் இம்மாதம் இதை எழுதுகிறேன்.

பழைய உதிரிபாகம் வாங்குவதே தவறு என்று நான் சொல்லமாட்டேன். சென்னைக்குப் புதுப்பேட்டை எப்படியோ, பெங்களூருக்குச் சிவாஜிநகர் குஜ்ரி அப்படி. மாதத் தவணை கட்டி வண்டி ஓட்டும் நம்மவர் பலருக்கு அந்தக் கடைகள் இல்லாவிட்டால் வண்டியே இல்லை. கதவு, பக்கக் கண்ணாடி, பம்பர், விளக்கு, இருக்கை ஆகியவற்றைத் தாராளமாக அங்கே வாங்கலாம். அவற்றின் குறை கண்ணுக்குத் தெரியும்; கெட்டாலும் உயிர் போகாது. அம்பாசிடர், பியட் காலத்தில் நமது பெரியவர்கள் அப்படித்தான் வண்டியை வைத்து வாழ்ந்தார்கள்.

பிரேக் சிலிண்டரின் குறையோ வெளியே தெரியாது. அதனுள் இருக்கும் ரப்பர் கப்புகள் வயதாக ஆக இறுகிப்போகும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மையுடையது. கழற்றிய சிலிண்டர் மாதக்கணக்கில் கடையில் கிடந்தால் உட்சுவரில் துரு பிடித்துச் சொரசொரப்பாகிவிடும். அந்தச் சொரசொரப்பு ரப்பரை அறுக்கும். நகரத்தின் நெரிசலில் இந்தக் கசிவு பெரிதாகத் தெரிவதில்லை. நீண்ட இறக்கத்தில், வண்டி நிறைய ஆட்களோடு, தொடர்ந்து மிதிக்கும்போது அது தன்னைக் காட்டும். எண்ணெயும் அப்படியே. டாட் 3 என்னும் வகை, புதியதாயிருக்கையில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கவேண்டும். ஈரம் ஏறியபின் அந்த அளவு 140 டிகிரி மட்டுமே. ஆகவே சிலிண்டரோடு எண்ணெயையும் மாற்றவேண்டும். நம் சகோதரர் இரண்டையுமே பழையதாக விட்டிருந்தார்.

இன்னொன்று, அந்தப் பாகம் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பது. 2022 செப்டம்பரில் பெய்த மழையில் பெல்லந்தூர், ஏமலூர், சர்ஜாபூர் சாலைப் பகுதிகளில் கார்கள் தண்ணீரில் மூழ்கிக் கிடந்ததை நாம் பார்த்தோம். சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் அப்படியே. இவ்விதம் மூழ்கிய வண்டிகளில் பல, காப்பீட்டு நிறுவனங்களால் முழு நஷ்டம் என்று தீர்க்கப்பட்டு ஏலத்தில் போகின்றன. துடைத்து வைத்தால் மின்கம்பித் தொகுதியும் கம்ப்யூட்டர் பெட்டியும் புதியவைபோல மின்னும். உள்ளே இணைப்புகளில் பச்சை பூத்து, ஆறு மாதம் கழித்து நடுச்சாலையில் எஞ்சின் நின்றுபோகும்.

ஏர்பேக்கைப் பழையதாக வாங்கவே வேண்டாம். ஜப்பானின் டகாட்டா நிறுவனம் செய்த ஏர்பேக்குகளில் இருந்த அம்மோனியம் நைட்ரேட், வருடக்கணக்கான வெப்பத்தாலும் ஈரப்பதத்தாலும் கெட்டு, விரியும்போது உலோகத் துண்டுகளைப் பயணியின்மேல் சிதறடித்தது. உலகெங்கும் கோடிக்கணக்கான வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன, இந்தியாவிலுங்கூட. 2017-இல் அந்த நிறுவனம் திவாலாயிற்று. உடைத்த காரிலிருந்து எடுத்த ஏர்பேக் அவற்றில் ஒன்றா என்று கடைக்காரர் எப்படி அறிவார்? விபத்தில் ஒருமுறை இறுகிய சீட் பெல்ட்டும் அவ்வாறே. டயருக்கு மட்டும் வயது எழுதியிருக்கும்: பக்கச் சுவரில் 2316 என்றிருந்தால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது.

விலை மிகவும் குறைவாயிருந்தால் இன்னொரு கேள்வியும் கேட்கவேண்டும்: இது யாருடையது? திருடிய வண்டிகள் ஒரே இரவில் பிரிக்கப்படுவதுண்டு. திருட்டுப் பொருள் என்று அறிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ நேர்மையற்று வாங்குகிறவருக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவின்படி 3 ஆண்டுவரை சிறை உண்டு. பில் தர மறுக்கும் கடையில் எதையும் வாங்காதிருங்கள். எஞ்சினையே மாற்றினால், அதன் எண்ணை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஆர்.சி.யில் பதியாமல் ஓட்டவேண்டாம். விபத்து நேர்ந்தபின் காப்பீட்டுக்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான். புதிய பெட்டியில் வருவதெல்லாம் அசல் என்றும் எண்ணிவிடாதீர்கள். கம்பெனிப் பெயரச்சிட்ட பெட்டியில் போலிப் பாகம் வருவதுண்டு. நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் பில்லோடு வாங்குவதே மேல்.

சகோதரர் புதிய சிலிண்டரைப் பொருத்திவிட்டார். அதற்கான பணத்தில் பாதியைத் தர நான் முன்வந்தேன்; வாங்க மறுத்துவிட்டார். கழற்றியதைத் திருப்பிக் கொடுத்தால் பாதி விலை தருவதாகக் கடைக்காரர் சொன்னாராம். "கொடுத்தால் அதைக் கழுவி இன்னொருவருக்கு விற்பார்களே ஐயா" என்று சொல்லி, மெக்கானிக்கின் சம்மட்டியால் அதை உடைத்துப் பழைய இரும்போடு எடைக்குப் போட்டார். பதினெட்டு ரூபாய் கிடைத்ததாம்.