மேடு ஏறும் பொம்மை வண்டி

விளையாட்டு என்றால் வீண்பொழுது என்று எண்ணும் வழக்கம் எம்மவரிடையே ஆழ வேரூன்றி நிற்கின்றது. பிள்ளை புத்தகத்தை மூடிவிட்டுப் பொம்மைக் கற்களை அடுக்கத் தொடங்கினால், "படிக்கிற பிள்ளைக்கு இது என்ன வேலை?" என்ற குரல் அடுக்களையிலிருந்து எழும். அக்குரலில் நியாயமே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. பரீட்சை ஒன்றையே ஏணியாகக் கொண்டு முன்னேற வேண்டிய குடும்பங்கள் எம்மிடையே பல. ஆயினும், அக்கற்களைக் கொண்டு ஒரு வண்டியைத் தானே சிந்தித்து அமைத்து, அதனைக் கல்லும் மேடும் நிறைந்த வழியில் ஏற்ற முயலும் பிள்ளை விளையாடுகின்றதா, படிக்கின்றதா என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. இவ்வாரம் அதனைப் பற்றியே வாசகர்களோடு பேச விரும்புகின்றோம்.

முதலிற் கல்லின் கதையைச் சிறிது கேட்போம். டென்மார்க் நாட்டிலே பில்லுண்ட் என்னும் சிற்றூரில் ஒலே கிர்க் கிறிஸ்ரியன்சன் என்ற தச்சர் வாழ்ந்தார். உலகெங்கும் பொருளாதார மந்தம் நிலவிய 1932ஆம் ஆண்டில், தச்சு வேலைகள் அருகியமையால், அவர் மர விளையாட்டுப் பொருள்களைச் செய்யத் தொடங்கினார். 1934இல் தம் தொழிலுக்கு "லெகோ" எனப் பெயரிட்டார். "நன்றாக விளையாடு" எனப் பொருள்படும் இரு டேனிய மொழிச் சொற்களின் சுருக்கமே அது. ஒன்றோடொன்று பொருந்தும் பிளாஸ்ரிக் கற்கள் 1949இல் அங்கிருந்து வெளிவந்தன. ஹிலரி பிஷர் பேஜ் என்ற ஆங்கிலேயர் முன்னரே ஆக்கியிருந்த கற்களை மாதிரியாகக் கொண்டே அவை எழுந்தன என்பதையும் மறைத்தல் முறையன்று. எனினும், கல்லின் உள்ளே குழாய்களை அமைத்து, ஒன்றையொன்று இறுகப் பற்றச் செய்யும் உத்தி டேனியக் குடும்பத்தினருடையதே. அதற்கான காப்புரிமை விண்ணப்பம் 1958 சனவரி 28ஆந் திகதி பதிவாயிற்று. குமிழுக்குக் குமிழ் 8 மில்லிமீற்றர். கல்லின் உயரம் 9.6 மில்லிமீற்றர். இவ்வளவு பிசகாது காக்கப்பட்டமையால், அன்று வார்த்த கல்லோடு இன்று வார்த்த கல்லும் பொருந்துகின்றது.

சில்லு 1962இல் வந்தது. 1977இல் துளையிட்ட சட்டங்களும் அச்சுத் தண்டுகளும் பற்சில்லுகளும் கொண்ட புதுவகைப் பெட்டிகள் வந்தன. இவையே பின்னர் "டெக்னிக்" எனப் பெயர் பெற்றன. அவற்றுள் ஒன்று, மேலுடல் இல்லாத ஒரு மோட்டார் வண்டியின் அடிச்சட்டம். திருப்பும் பொறியும், ஏறி இறங்கும் உந்திகளும், இருநிலைக் கியரும் அதில் இருந்தன. அன்றிலிருந்து இக்கல் வீடு கட்டும் பொருளாக மட்டுமன்றி, பொறி அமைக்கும் பொருளாகவும் ஆயிற்று.

ஒவ்வொரு பெட்டியோடும் ஒரு கைந்நூல் வருகின்றது. எந்தத் துண்டை எங்கே பொருத்துவது என்று அது படிப்படியாகக் காட்டும். 2019இல் வெளிவந்த லாண்ட் றோவர் மாதிரியில் 2,573 துண்டுகள் உள. அதனைக் கைந்நூல் காட்டியவாறே கட்டி முடிப்பவனுக்குப் பொறுமையும் கைத்திறனும் நிச்சயமாக வளரும். ஆனால் அவன் கேள்வி எதனையும் கேட்கவில்லை. எல்லாக் கேள்விக்கும் வேறொருவர் முன்னரே விடை கண்டுவிட்டார். கைந்நூலை மூடி வைத்து, "எனக்கு வேண்டிய வண்டியை நானே அமைப்பேன்" என்று ஒருவன் தொடங்கும்போதுதான் உண்மையான கல்வி தொடங்குகின்றது. ஐரோப்பாவில் வயது வந்தோரே தாம் அமைத்த லொறி மாதிரிகளை மேடுபள்ளம் நிறைந்த களங்களில் ஓட்டிப் போட்டியிடுகின்றனர். உண்மை லொறிகளைக் கொண்டு அங்கு நடைபெறும் போட்டிகளே இதற்கு முன்மாதிரி. ஆர்வலர்களிடையே நடத்திய போட்டியில் வென்ற வடிவத்தைக் கொண்டு, அந்நிறுவனமே 2013இல் மேடு ஏறும் வண்டி ஒன்றை 20,000 பெட்டிகள் மட்டும் வெளியிட்டதும் உண்டு.

வண்டிகள் பலவிருக்க மேடு ஏறும் வண்டியை நாம் சிறப்பித்துக் கூறுவது ஏன்? சமதரையில் எந்த வண்டியும் ஓடும். அதன் குறைகள் மறைந்து நிற்கும். மேடும் கல்லும் எதனையும் மறைக்க விடா.

எம்மிடம் உயர்தர வகுப்பிற் பௌதிகவியல் கற்கும் மாணவன் ஒருவனுக்குக் கனடாவிலுள்ள தாய்மாமன் ஒரு பெட்டி நிறைய இக்கற்களையும், மின்கலத்தால் இயங்கும் மோட்டர் ஒன்றையும் அனுப்பியிருந்தார். அவன் தானாகவே ஒரு லொறியை அமைத்து, பாடசாலை விட்டபின் எம்மிடம் கொணர்ந்தான். சமதரையில் அது பாய்ந்து ஓடிற்று. சாய்த்து வைத்த பலகையில் விட்டதும் பின்சில்லுகள் வழுக்கிச் சுழன்றன. லொறி நின்ற இடத்திலேயே நின்றது.

"சேர், இதைவிடப் பெரிய மோட்டர் போட்டால் ஏறுந்தானே?" என்றான்.

"தம்பி, முதலிற் சில்லுகள் சுழலாதபடி கட்டிப் பலகையில் வை. பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்து. எப்போது வழுக்கத் தொடங்குகின்றது என்று அளந்து பார்" என்றோம்.

100 சென்ரிமீற்றர் நீளப் பலகையின் முனை 60 சென்ரிமீற்றர் உயர்ந்தபோது லொறி வழுக்கிற்று. அப்போது கிடைத்தூரம் 80 சென்ரிமீற்றர். அறுபதை எண்பதால் வகுத்தால் 0.75. உராய்வுக் குணகம் என்று வகுப்பில் எழுதிப் படித்த சொல் அன்று அவன் கைக்கு எட்டியது. நான்கு சில்லுகளும் உந்தினால் ஏறத்தக்க எல்லை அதுவே. பின்னிரு சில்லுகள் மட்டும் உந்தி, அவற்றின்மேல் பாரத்தின் பாதியே தங்குமாயின், எல்லை ஏறத்தாழ அரைவாசியாகக் குறையும். எவ்வளவு பெரிய மோட்டரும் இவ்வெல்லையைக் கடக்கமாட்டாது. வேண்டியது பெரிய மோட்டர் அன்று; முன்சில்லுகளையும் உந்தச் செய்வதே.

அவ்வாறு செய்தான். இப்போது சில்லுகள் வழுக்கவில்லை. ஆனால் மோட்டர் திணறி நின்றது. 8 பற்களுள்ள சில்லு 24 பற்களுள்ள சில்லைச் சுழற்றினால், திருப்பும் வலு மூன்று மடங்காகும். வேகம் மூன்றில் ஒன்றாகும். இவ்வாறு இருமுறை செய்தால் வலு ஒன்பது மடங்கு. நிமிடத்துக்கு 200 முறை சுழலும் மோட்டர், சுற்றளவு 25 சென்ரிமீற்றர் உள்ள சில்லை நேரே சுழற்றினால் வண்டி நிமிடத்துக்கு 50 மீற்றர் ஓடும். இப்பற்சில்லுகளின் வழியே சுழற்றினால் ஐந்தரை மீற்றரே ஊரும். உராய்வு தின்பது வேறு. வலுவிற் பெற்றதை வேகத்தில் கொடுத்தே தீர வேண்டும். இக்கணக்கில் எவருக்கும் சலுகை இல்லை. 1948இல் ஆம்ஸ்ரர்டாம் கண்காட்சியில் முதன்முதல் வைக்கப்பட்ட லாண்ட் றோவர், பின்னர் எமது மலையகத் தேயிலைத் தோட்டங்களின் செங்குத்துப் பாதைகளில் ஏறிற்று. அதன் கியர்த் தடியருகே தாழ்நிலைக் கியருக்கென ஒரு சிறு தடி இருப்பதன் காரணமும் இதுவே.

அடுத்து வந்தது வேறொரு தொல்லை. பற்சில்லுகளை அவன் மோட்டரின் அருகிலேயே வைத்திருந்தான். ஒன்பது மடங்கான வலு, அங்கிருந்து சில்லுவரை செல்லும் பிளாஸ்ரிக் தண்டுகள் வழியே சென்றது. தண்டு முறுகிற்று, திரும்பும் இடத்திலுள்ள இணைப்பு உடைந்தது. "சேர், கணக்குச் சரி, தண்டுதான் தாங்கவில்லை" என்றான். கணக்கும் சரி, தண்டும் பிழையன்று. வைத்த இடமே சிந்திக்க வேண்டியது. அதே பற்சில்லுகளைச் சில்லின் அருகே வைத்தால், நெடுந்தண்டுகள் மோட்டரின் சிறு வலுவை மட்டும் வேகமாகச் சுமந்து செல்லும். பெருவலு கடைசியிலேயே பிறக்கும். ஜேர்மனியில் அல்பேட் பிரிட்றிக் என்பவர் வகுத்து, 1946இல் முதன்முதல் ஓடிய யூனிமொக் வண்டியில் இவ்வுத்தியைக் காணலாம். அதன் அச்சு, சில்லின் நடுவுக்கு மேலே உயர்ந்து நிற்க, ஒவ்வொரு சில்லினருகிலும் பற்சில்லுகள் வலுவைக் கீழே இறக்கிப் பெருக்குகின்றன. அச்சு உயர்ந்தமையால் கல்லும் கட்டையும் அடியில் தட்டுவதில்லை. ஓர் உத்தி, இரு பயன். 2011இல் வெளிவந்த 2,048 துண்டுகள் கொண்ட யூனிமொக் மாதிரியிலும் இவ்வமைப்பு உண்டு.

பலகையில் வென்ற லொறி, கற்கள் பரப்பிய முற்றத்தில் மீண்டும் நின்றது. ஒரு சில்லு கல்லின்மேல் ஏற, மற்றொரு சில்லு அந்தரத்தில் தொங்கிற்று. நாற்காலியின் ஒரு கால் குட்டையானால் ஆடும். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது. நான்கு சில்லு வண்டியை முக்காலி ஆக்குவது எப்படி? பின் அச்சை உடலோடு இறுகப் பொருத்தி, முன் அச்சை நடுவில் மட்டும் ஓர் ஆணியில் தொங்கவிட்டால், அது துலாக்கோல்போல் இருபுறமும் தாழ்ந்து உயரும். நான்கு சில்லும் தரையைத் தொடும். எம் வயல்களில் ஓடும் உழவு இயந்திரத்தின் முன் அச்சை உற்று நோக்கினால் இவ்வமைப்பைக் காணலாம். சுழலும் தண்டு இவ்வச்சையும் ஒருபுறமாகத் திருக்கிச் சில்லைத் தூக்கப் பார்க்கும். பெருவலு சில்லினருகே பிறப்பதால் அத்தொல்லையும் தணிந்துவிடுகின்றது.

இறுதியாக நின்றது "டிபரன்சல்" என்னும் பொறி. வளைவில் வெளிச்சில்லு கூடுதலாகவும் உட்சில்லு குறைவாகவும் சுழல இடந்தருவது அது. ஆனால் ஒரு சில்லு பிடியிழந்தால், வலுவெல்லாம் அதன்வழி வீணாகும். மற்றது அசையாது நிற்கும். மாணவன் அதனைக் கழற்றி, இரு சில்லையும் ஒரே தண்டிற் கோத்தான். லொறி கற்களின்மேல் ஊர்ந்து ஏறிற்று. ஆனால் வளைவுகளில் சில்லுகள் தேய்ந்து இழுபட்டன. இரண்டில் எது வேண்டும் என்று அவனே தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று.

இதற்கிடையில் அவன் அன்னையார் எம்மைக் காண வந்தார். "சேர், இது சோதனை வருஷம். நான் பெட்டியைப் பூட்டி வைச்சிட்டன். நீங்களும் அவனுக்குச் சொல்லுங்கோ" என்றார். அவர் துயரம் எமக்கு விளங்காமலில்லை. கணவரின் சிறு சம்பளத்தில் மூன்று பிள்ளைகளைப் படிப்பிப்பவர் அவர். நாம் மறுமொழி கூறாது, மாணவன் வைத்திருந்த குறிப்புப் புத்தகத்தை அவரிடம் கொடுத்தோம். பக்கந்தோறும் "ஏறவில்லை" என்ற சொல். அதன்கீழ் "காரணம்" என்று ஒரு வரி. அதன்கீழ் ஒரு கணக்கு.

"இது முழுக்க ஏலாமற் போனதைத்தானே எழுதியிருக்கிறான்?" என்றார்.

"ஓம் அம்மா. ஏன் ஏலாமற் போனது என்பதையும் எழுதியிருக்கின்றான். வகுப்பில் விடை பிழைத்தால் பிள்ளைகள் அதனை அழித்துவிட்டுப் பக்கத்திலிருப்பவனின் விடையைப் பார்க்கின்றார்கள். இங்கே பார்த்தெழுத எவருமில்லை, பலகைதான் புள்ளி போடுகின்றது" என்றோம்.

அவர் புத்தகத்தை நெடுநேரம் புரட்டினார். சனிக்கிழமை பின்னேரம் மட்டும் திறப்பைக் கொடுப்பதாகச் சொல்லிச் சென்றார். எமக்கு அது நல்ல தீர்ப்பாகவே பட்டது.

இக்கற்கள் விலை மிக்கவை. எல்லா வீட்டிலும் வாங்க இயலாது என்பதை நாம் அறிவோம். அதனாற் கல்வி நின்றுவிட வேண்டியதில்லை. நுங்குக் கோம்பையில் ஈர்க்குக் கோத்து வண்டில் உருட்டியவர்கள் அன்றோ எம் முன்னோர்? நூற்கட்டை, தகரப்பேணி மூடி, இறப்பர் வளையம், பழைய விளையாட்டுக் காரின் மோட்டர் ஆகியவற்றைக் கொண்டும் பலகைப் பரிசோதனையைச் செய்யலாம். உராய்வுக் குணகம் பணக்கார வீட்டுக்கும் ஏழை வீட்டுக்கும் ஒன்றே.

மாணவர்களுக்கு ஒன்று கூறுவோம். ஒரு வண்டி மேட்டில் நின்றுவிட்டால், உடனே பெரிய மோட்டரைத் தேடாதீர்கள். எந்தச் சில்லு தரையை விட்டது என்று குனிந்து பாருங்கள். பெற்றோர்களுக்கும் ஒன்று: பிள்ளை கட்டியதைத் தானே கலைத்து மீண்டும் கட்டுகின்றதாயின், அந்நேரத்தை வீண் என்று எண்ணிவிடாதீர்கள். தன் கையால் அமைத்ததைத் தானே பிழையெனக் கண்டு, வருந்தாது திருத்தும் பழக்கம் பரீட்சை மண்டபத்துக்கும் உதவும். அதற்கு வெளியேயுள்ள நெடும்பாதைக்கு இன்னும் உதவும்.