இடிந்தபின் வந்த இயந்திர நாய்

தம்பி!

நியூயார்க் நகரில், மன்ஹாட்டன் தென்பகுதியின் ஆன் தெரு. கட்டணம் வாங்கிக் கார்களை நிறுத்தும் கட்டடம், 2023 ஏப்ரல் 18 அன்று பட்டப்பகலில் சரிந்தது. ஊழியர் ஒருவர் மாண்டார், ஐவர் காயமுற்றனர்.

எதிர்பாராத விபத்தாம்! கான்கிரீட் பிளந்திருக்கிறதென்று 2003-லேயே கட்டடத்துறை குற்றம் பதிந்ததே! இருபதாண்டு ஏட்டிலே உறங்கியது எச்சரிக்கை. ஆறாண்டுக்கொருமுறை பொறியாளர் ஆய்வு கட்டாயமென 2022-ல் விதி வந்தது. அப்பகுதிக்குத் தவணையோ 2023 டிசம்பர் முடிய! தவணை பார்த்தா தளம் இடியும்?

இடிபாட்டுக்குள் மனிதர் நுழைவது ஆபத்தென்று இயந்திர நாயை அனுப்பினர். அருமையான அறிவியல்தான், மறுக்கவில்லை! அந்த அக்கறை, ஆள் உயிரோடிருந்தபோது எங்கே போயிற்று?

“காமிரா மாட்டுகிறோம், காவல் போடுகிறோம்” என்போரைக் கேள்: காரைத் திருடனிடமிருந்து காக்கும் காமிரா, ஊழியனைக் கூரையிடமிருந்து காக்குமா? ஆய்வுச் சான்றை வாசலில் ஒட்டு. இல்லையேல் வாசலைப் பூட்டு!