குதிகால் உடைந்தால் கட்டு போதும் என்பவர்களுக்கு

"ஒரு கட்டு, ஆறு வாரம் ரெஸ்ட், எல்லாம் சரியாயிடும்." குதிகால் எலும்பு உடைந்தவரிடம் ஊரே சொல்லும் வசனம் இது. சொல்கிறவர் சமதளத்தில் நடப்பவர். கேட்கிறவர் மலைக்காரராக இருந்தால்?

சேலத்திலிருந்து குப்பனூர் வழியாக ஏற்காடு ஏறினால் கொட்டச்சேடு வரும். காபித் தோட்டம், காபிக்கு நிழல் தர சில்வர் ஓக், அதைப் பற்றி ஏறும் மிளகுக்கொடி. சுற்றுலா வருகிறவர்களுக்கு அது போட்டோ. ஆனால் மிளகு தானாக இறங்கி வருவதில்லை. மரத்தில் ஏணியைச் சாய்த்து ஒருவர் ஏறித்தான் பறிக்க வேண்டும். ஏணி வழுக்கிக் கால் ஊன்றி விழுந்தால் மொத்த எடையும் குதிகாலில் இறங்கும். மேலே இருக்கிற தாலஸ் எலும்பு ஆப்பு மாதிரி இறங்கிக் குதிகால் எலும்பைப் பிளந்துவிடும். குதிகால் உயரம் குறைந்து அகலமாகிவிடும். பக்கவாட்டு எக்ஸ்ரேயில் 20 முதல் 40 டிகிரி வரை இருக்க வேண்டிய போலர் கோணம் தட்டையாகிவிடும். (வீழ்ந்தவருக்கு முதுகெலும்பையும் பார்க்க வேண்டும். அதுவும் கூடவே நசுங்கியிருக்கலாம்.)

இந்த இரண்டு எலும்புக்கும் நடுவில் இருக்கிற மூட்டுதான் பாதத்தை உள்ளேயும் வெளியேயும் சாய்க்கிறது. டைல்ஸ் தரையில் நடப்பவருக்கு அதன் வேலை குறைவு. சரிவில் கூடையோடு இறங்குபவருக்கு அதுதான் பிழைப்பு. மூட்டு கோணலாகச் சேர்ந்தால் எலும்பு "கூடிடுச்சு" என்பார்கள். கூடியதுதான், ஆனால் அவர் திரும்ப ஏணி ஏற முடியாது.

அறுவை சிகிச்சையைக் கண்டு பயப்படுவதற்கும் காரணம் இருந்தது. பழைய முறையில் வெளிப்பக்கம் 'ட' எழுத்து வடிவத்தில் கீறி, தோலை மடலாகத் தூக்கி, தகடு வைத்துத் திருகுவார்கள். அந்த இடத்தில் தோல் மெல்லிசு, ரத்த ஓட்டம் குறைவு. வீக்கம் வடிய ஒன்றிரண்டு வாரம் காத்திருந்து செய்தாலும் கீறலின் முனை கருகும், சீழ் பிடிக்கும். பிரிட்டனில் 22 மருத்துவமனைகளில் 151 பேரை வைத்துச் செய்து 2014-ல் வெளியான ஆய்வில், இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் அறுவை செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் வலியிலோ நடையிலோ வித்தியாசமில்லை. சிக்கல்களோ அறுவையில் 23 சதவீதம், மற்றதில் 4 சதவீதம்.

"பார்த்தீங்களா, வெட்டியும் வேஸ்ட்" என்று இதைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அந்த ஆய்வில் செய்யப்பட்டது அதே 'ட' கீறல். தோற்றது அந்தக் கீறல் என்றுதான் சொல்லலாம், எலும்பை நிமிர்த்தும் யோசனை தோற்றதாக அதிலிருந்து முடிவு கட்ட முடியாது. கனடாவில் 424 பேரை வைத்து 2002-ல் வந்த ஆய்விலும் மொத்தத்தில் வித்தியாசமில்லை. ஆனால் பணிக்காயத்துக்கு இழப்பீடு பெற்றவர்களைத் தனியே எடுத்துவிட்டுப் பார்த்தபோது அறுவைக்குப் பலன் தெரிந்தது. கடும் உடலுழைப்புக்காரர்களுக்கு அந்தப் பலன் குறைவு என்பதையும் மறைக்க வேண்டாம். அங்கும் பெரிய கீறல்தான்.

இப்போது பரவலாகியிருப்பது சின்னத் திறப்பு. கணுக்காலுக்குக் கீழே மூன்று நான்கு சென்டிமீட்டர் கீறி, சைனஸ் டார்சி என்ற பள்ளத்தின் வழியாக மூட்டை நேரே பார்த்து நிமிர்த்தித் திருகு போடுவது. உடைவு எளிதாக இருந்தால் தோலில் சிறு துளைகள் மட்டும் போட்டு எக்ஸ்ரேயைப் பார்த்தபடியே திருகுவதும் உண்டு. ஒப்பிட்ட ஆய்வுகளில் காயச் சிக்கல் பெரிய கீறலைவிடக் குறைவு. எல்லோருக்கும் இது தேவையில்லை. எலும்பு நகராமல் விரிசல் மட்டும் என்றால் கட்டே போதும், "தையலே தெரியாது" என்று விளம்பரம் செய்து அவருக்கும் திருகு போடுவது வியாபாரம். தூள்தூளாக உடைந்திருந்தால் சின்னத் திறப்பும் கைகொடுக்காமல் போகலாம். எது எந்த வகை என்று சொல்ல சி.டி. ஸ்கேன் வேண்டும்.

விஷயம் இங்கேதான் சிக்குகிறது. சின்ன ஓட்டைக்குள்ளிருந்து துண்டுகளை அசைக்க வேண்டுமானால் அவை இன்னும் ஒட்டியிருக்கக் கூடாது. முதல் இரண்டு வாரத்துக்குள் செய்வது நல்லது. மூன்று வாரம் நாட்டுக் கட்டில் கிடந்துவிட்டு, வலி தாங்காமல் பஸ் பிடித்து இறங்கி வருகிறவருக்கு அந்த வாய்ப்பு அநேகமாகப் போய்விட்டது. மலைக்காரருக்கு அதிகம் பொருந்துகிற சிகிச்சை, தாமதத்தாலேயே மலைக்காரருக்குக் கிடைக்காமல் போகிறது.

அரசு மருத்துவமனையில் அறுவைக்குப் பணம் கேட்பதில்லையே என்பார்கள். சரிதான். ஆனால் கணக்கில் அது ஒரு வரி மட்டும். எழுதாத வரிகள்: துணைக்கு வருபவரின் கூலி, போக்குவரத்து, கால் ஊன்றக் கூடாத வாரங்களின் கூலி. இவற்றை நினைத்துத்தான் "நாளைக்குப் பார்ப்போம்" என்கிறார். அவரை அறியாமைக்காரர் என்று திட்டுவது சுலபம்.

2021-ல் தமிழக அரசு 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தைக் கொண்டுவந்தது, சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்று. நல்ல திட்டம். ஏற்காடு கொண்டை ஊசி வளைவில் பைக்கிலிருந்து விழுந்தால் நீங்கள் அதில் வருவீர்கள். அந்த வளைவுக்கு மேலே மிளகு மரத்திலிருந்து விழுந்தவர் வர மாட்டார். வேலையில் அடிபட்டால் முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்று 1923-லேயே சட்டம் போட்டாயிற்று. ஆனால் மிளகைக் குத்தகைக்கு விட்டிருந்தால் முதலாளி யார், தோட்டக்காரரா குத்தகைக்காரரா? இந்த வாதம் முடிவதற்குள் எலும்பு ஒட்டிவிடும். விழுந்த அன்றே சேலத்துக்கு வண்டி, இரண்டு நாளில் ஸ்கேன், அதுவரை கூலி. குத்தகைப் பேச்சில் ஏணிக்கும் சாக்குக்கும் காசு பேசும்போதே இதையும் பேசி எழுதிக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்?