உடலின் பெயர்களை இரு மொழியிலும் அறிவோம்

எமது குடும்பங்கள் பலவற்றில், வைத்தியரிடம் செல்லும் தாய்க்கு மொழிபெயர்ப்பாளராகச் செல்வது பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையே. யேர்மன் மொழியை அப்பிள்ளை கெட்டித்தனமாகவே பேசும். ஆயினும் "ஈரலில் நோ" என்று தாய் கூறினால் அது என்ன செய்யும்? கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் என மூன்று உறுப்புகள் தமிழில் ஈரல் என்றே முடிகின்றன. யேர்மன் மொழியில் அவை லேபர், மில்ட்ஸ், லுங்க என ஒன்றோடொன்று தொடர்பற்ற மூன்று சொற்கள். அவ்வாறே இரைப்பையும் அடிவயிறும் எமக்கு வயிறுதான். இங்கோ இரைப்பை மாகன், வயிற்றுப் பகுதி முழுவதும் பௌக். தொடை முதல் பாதம் வரை நாம் கால் என்போம்; வைத்தியருக்கு பைன் வேறு, பூஸ் வேறு.

பிள்ளை தன் அறிவுக்கு எட்டிய ஒரு சொல்லைத் தேர்ந்து சொல்கின்றது. வைத்தியரின் விசாரணை அச்சொல்லின் வழியே செல்கின்றது. கருப்பை சம்பந்தமான நோயென்றால், பிள்ளையின் முன் தாய் வாயே திறப்பதில்லை. சட்டரீதியான நோய்க் காப்புறுதி நிறுவனங்கள் மொழிபெயர்ப்புச் செலவை வழமையாக ஏற்பதும் இல்லை. எனவே மனித உடலின் அமைப்பையும் தொழிற்பாட்டையும் ஆரம்ப நிலையிலாவது இரு மொழிகளிலும் கற்பிப்பது எமது தமிழ்ப் பாடசாலைகளின் கடமை என்போம்.

உடற்கூற்றைத் தமிழில் கற்பிக்க இயலுமா என்று ஐயுறுவோர் யாழ்ப்பாணத்தின் வரலாற்றை நோக்குக. 1847இல் அங்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மறு ஆண்டிலேயே மருத்துவ வகுப்பை ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். ஆங்கிலத்தில் கற்றோர் அரச உத்தியோகம் தேடி ஊரைவிட்டுச் செல்ல, கிராமத்து நோயாளி வைத்தியரின்றி நின்றான். இதனைக் கண்ட கிறீன் 1864 முதல் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். கட்டர் என்பாரின் நூல் 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' எனத் தமிழாயிற்று. கிறேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல் 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என வெளிவந்தது. அவரிடம் பயின்ற வைத்தியர்கள் 60க்கும் மேற்பட்டோர். அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் தமிழிலேயே பயின்றவர்கள். அங்காதிபாதம் இன்று உடற்கூற்றியல் ஆயிற்று. சுகரணம் உடற்றொழிலியல் ஆயிற்று. சொற்கள் மாறினும் நோயாளிக்கு விளங்கும் மொழியில் மருத்துவம் நிற்க வேண்டும் என்ற நோக்கம் மாறவில்லை.

"இங்கே சோதனை யேர்மன் மொழியில்தானே? தமிழ்ச் சொல்லால் என்ன பயன்?" என்று கேட்போர் உளர். கேள்வி நியாயமானதே. யேர்மனியில் 2020 முதல் நடைமுறையிலுள்ள மூன்றாண்டுத் தாதியர் பயிற்சியில் குறைந்தது 2100 மணி நேர வகுப்பும் 2500 மணி நேரச் செயல்முறையும் உண்டு. பிராங்பேர்ட் கோதே பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயில்வோர், முதல் ஈராண்டின் பின் உடற்கூற்றியல், உடற்றொழிலியல், உயிர் இரசாயனவியல் அடங்கிய அரச பரீட்சைக்குத் தோற்றுகின்றனர். இவற்றுக்கு யேர்மன் மொழியறிவு இன்றியமையாதது. தமிழ் அதற்கு மாற்றாகாது, துணையாகும்.

ஊரில் உயர்தர வகுப்பில் உயிரியலைத் தமிழில் கற்று வந்த இளைஞர் எத்தனையோ பேர் இங்கு தாதியர் கல்வியை நினைத்தே அஞ்சுகின்றனர். இதயத்தின் நான்கு அறைகளும், இரத்தத்தை வடிகட்டும் சிறுநீரகத்தின் வேலையும் எல்லா மொழியிலும் ஒன்றே. அவர்களுக்குக் குறைவாக உள்ளவை பெயர்கள் மாத்திரமே. அப்பெயர்களும் நாம் அஞ்சும் அளவுக்கு அந்நியமானவை அல்ல. கழுத்திலுள்ள தைரொயிட்டை யேர்மனியர் ஷில்ட்றூஸ என்பர். அதன் பொருள் கேடயச் சுரப்பி, எமது பாடநூல்களில் கண்ட அதே பெயர். துரொம்மல்பெல் என்றால் பறையின் தோல். நாமோ செவிப்பறை என்கின்றோம். வைஸ்ஹைட்ஸ்சான் எமது ஞானப்பல்லேதான். சதையியை, வயிற்றின் உமிழ்நீர்ச் சுரப்பி என்று பொருள்படும் சொல்லால் அழைக்கின்றனர். சமிபாட்டுக்கான நீரைச் சுரக்கும் அதன் தொழில் அப்பெயரிலேயே அடங்கியுள்ளது. தமிழ்ச் சொல்லின் பொருளை உணர்ந்து கற்றவனுக்கு யேர்மன் சொல் மனதில் விரைவில் பதியும்.

இங்கு பிறந்த பிள்ளைகளின் நிலை இதற்கு நேர்மாறானது. அவர்களிடம் யேர்மன் சொல் உண்டு, தமிழ்ச் சொல் இல்லை. நாளை அவர்கள் தாதியராகவும் வைத்தியராகவும் கடமையாற்றுகையில், முதியோர் இல்லத்தில் யேர்மன் மொழியை மறந்துவிட்ட தமிழ்ப் பாட்டி ஒருவர் "நாரி உளையுது, நெஞ்சு எரியுது" என்றால் அவர்களுக்கு அது விளங்க வேண்டாமா?

செய்ய வேண்டியவை பெருஞ்செலவு தருவன அல்ல. ஒவ்வொரு வார இறுதித் தமிழ்ப் பாடசாலையிலும் இரு மொழியிலும் பெயர் எழுதிய உடற்படம் ஒன்று தொங்கட்டும். மாதம் ஒரு மணி நேரம், எம்மவரான தாதியரும் மருத்துவ மாணவரும் பெற்றோருக்கு வகுப்பு நடத்தட்டும். பெண்களுக்குத் தனி வகுப்பு அவசியம். எங்கே நோகின்றது, எப்போது தொடங்கியது, எரிவா, குத்தா, உளைவா என்று தாய்மார் தம் வாயாலேயே யேர்மன் மொழியில் கூறுமளவுக்குப் பயிற்சி கிடைத்தால் போதும்.

இந்நகரின் வைத்தியர் யொகான் கிறிஸ்டியான் செங்கன்பேர்க் 1763இல் தம் செல்வத்தை அறக்கட்டளையாக்கி, நகர மக்களுக்கு வைத்தியசாலையும் உடற்கூற்று மண்டபமும் அமைய வழிசெய்தார். பல்கலைக்கழகத்தின் உடற்கூற்று நிலையம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. எம்மிடம் அத்தகைய செல்வம் இல்லை. ஆனால் கற்றவர்கள் இருக்கின்றார்கள். அவர்கள் மாதத்தில் ஒரு மணி நேரத்தைத் தந்தாலே, தாயின் நோயைச் சொல்லும் பாரம் பிள்ளையின் தோளிலிருந்து இறங்கும்.