இரண்டு வண்டிகளும் ஒரு சாரதியும்

சென்ற வாரம் வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது, உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் என்னைப் பின்தொடர்ந்து வந்தான். "சேர், பழைய லாண்ட் ரோவர் நல்லதா, இப்போது வந்திருக்கிற புதிய டிபென்டர் நல்லதா?" என்று கேட்டான். இலக்கணம் கற்பிக்கும் என்னிடம் இயந்திரத்தைப் பற்றி இவன் ஏன் கேட்கிறான் என்று முதலில் வியந்தேன். பிறகுதான் நினைவு வந்தது. நான் ஒரு தேயிலைத் தோட்டத்துச் சாரதியின் மருமகன் என்பதை வகுப்பிலே பலமுறை பெருமையோடு சொல்லியிருக்கிறேன் அல்லவா? 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அன்று முதல் மாணவர் பேச்சிலே வண்டிகளின் பெயர்கள் அதிகமாக அடிபடுகின்றன.

"ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையைப் பார்" என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டேன். வாக்குக் கொடுத்தாயிற்று, காப்பாற்ற வேண்டும். வண்டி வாங்க வசதி படைத்தவர்களுக்கு மட்டும் உரிய விஷயமன்றோ இது என்று நேயர்கள் சிலர் எண்ணக்கூடும். அப்படியன்று. வண்டியை ஓட்டுகிறவர்கள் சிலர். அதில் ஏறுகிறவர்கள் பலர். இந்தக் கட்டுரை இரு சாராரையும் பற்றியது.

மணலில் பிறந்த வண்டி

1947 ஆம் ஆண்டு. உலக மகாயுத்தம் ஓய்ந்து இரண்டு வருஷங்களே கழிந்திருந்தன. இங்கிலாந்திலே ரோவர் மோட்டார்க் கம்பனியின் தலைமைப் பொறியியலாளராக இருந்தவர் மோரிஸ் வில்க்ஸ் என்பவர். வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த ஆங்கில்சி என்னும் தீவிலே அவருக்கு நிலம் இருந்தது. யுத்தம் முடிந்தபின் விலைக்கு வந்த அமெரிக்க ஜீப் ஒன்றைப் பண்ணை வேலைக்கு வைத்திருந்தார். அது பழுதாகிப் போனால் அதற்குப் பதிலாக வாங்குவதற்கு வேறொன்று இல்லையே என்ற எண்ணமே புதிய வண்டிக்கு வித்தாயிற்று. அத்தீவின் ரெட் வார்ஃப் குடாவிலே, கடற்கரை மணலில் கோடு கிழித்து, தாம் நினைத்த உருவத்தை அவர் தம் சகோதரர் ஸ்பென்சர் வில்க்சுக்குக் காட்டினார் என்பர்.

அந்நாளில் உருக்குக்குப் பெருந்தட்டுப்பாடு. ஆகவே வண்டியின் உடலை அலுமினியக் கலப்புலோகத் தகட்டினால் அமைத்தார்கள். 1948 ஏப்ரல் 30 ஆந் தேதி அம்ஸ்ரடாம் நகரக் கண்காட்சியில் லாண்ட் ரோவர் முதன்முதல் உலகுக்குக் காட்டப்பட்டது. காலப்போக்கில் பல திருத்தங்கள் வந்தன. 1983 இல் பட்டை வில்லுகள் போய்ச் சுருள் வில்லுகள் வந்தன. 1990 இல் 'டிபென்டர்', அதாவது காப்பவன், என்ற பெயர் சூட்டப்பட்டது. ஆயினும் ஏணி போன்ற உருக்குச் சட்டம், அதன்மேல் ஆணியால் பொருத்திய அலுமினிய உடல் என்ற அடிப்படை மாறவேயில்லை. இருபது லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளைச் செய்து முடித்தபின், 2016 ஜனவரி 29 ஆந் தேதி, சொலிஹல் தொழிற்சாலையிலிருந்து கடைசி வண்டி வெளிவந்தது.

மாமாவின் வண்டி

அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலே என் மாமா 1969 முதல் ஏறக்குறைய முப்பது வருஷம் இப்பழைய வண்டியையே ஓட்டினார். 1988 இல், எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, பாடசாலை விடுமுறையை முழுவதும் அந்த வண்டியின் முன் ஆசனத்திலேயே கழித்தேன்.

அதை ஓட்டுவது தனி வித்தை. சாரதியின் ஆசனம் கதவோடு ஒட்டியிருந்தபடியால் மாமாவின் வலது முழங்கை எப்பொழுதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கியர்த் தண்டு ஒன்று போதாதென்று, சிவப்புக் குமிழ் ஒன்றும் மஞ்சட் குமிழ் ஒன்றும் இருந்தன. மஞ்சளை அழுத்தினால் நான்கு சில்லுகளும் இழுக்கும். சிவப்பு, நடையைக் குறைத்து வலுவைக் கூட்டும். கீழ்க் கியர்களுக்கு மாறும்போது கிளச்சை ஒரே முறை மிதித்தால் போதாது. ஒரு முறை மிதித்துத் தண்டை நடுவிலே நிறுத்தி, எஞ்சின் வேகத்தைச் சற்றே உயர்த்தி, மறுமுறை மிதித்துப் போட வேண்டும். காது தவறினால் பற்சில்லுகள் அலறும். மாமாவின் கையில் அவை அலறி நான் கேட்டதில்லை. கண்ணாடிக்குக் கீழே இரண்டு சிறு மூடிகள் உண்டு. அவற்றைத் திறந்துவிட்டால் மலைக் காற்று முகத்தில் வந்து அறையும்.

எல்லாவற்றுக்கும் மேலாக மாமாவிடம் ஒரு வழக்கம் இருந்தது. மழையில் கரைந்த பாதையோ நீரோடையோ குறுக்கிட்டால் உடனே வண்டியை நிறுத்திவிடுவார். இறங்கி, அந்த இடத்தைக் காலால் நடந்து பார்ப்பார். கம்பு ஒன்றினால் நீரின் ஆழத்தைக் குத்திப் பார்ப்பார். பின்பு வந்து ஏறுவார். "வண்டி ஏறுமுன் கண் ஏற வேண்டும், தம்பி" என்பது அவர் வாக்கு.

இப்படிப்பட்டவரைக் கண்டு வளர்ந்த எனக்கு, ஓட்டம் என்றால் அதுதான் ஓட்டம் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது.

தானே பணிந்த வண்டி

புதிய டிபென்டரை 2019 செப்டெம்பரில் பிராங்க்பர்ட் கண்காட்சியில் வெளியிட்டார்கள். 2008 முதல் இந்தியாவின் டாட்டா நிறுவனத்துக்குச் சொந்தமாகிவிட்ட கம்பனி, இதனை சுலோவாக்கியா நாட்டு நித்ரா நகரிலே செய்கிறது. ஏணிச் சட்டம் இல்லை. உடல் முழுவதும் ஒரே அலுமினியக் கூடு. சில்லுகள் ஒவ்வொன்றும் தனித்தனியே ஏறி இறங்குகின்றன. பெயரும் பெட்டி போன்ற தோற்றமும் அன்றி, பழையதில் எஞ்சியது சொற்பமே.

2024 ஓகஸ்ட் விடுமுறையில் குடும்பத்தில் ஒரு கலியாணத்துக்காகப் பேர்மிங்காம் சென்றிருந்தேன். மாமாவும் அங்கே தம் மகன் வீட்டில் தங்கியிருந்தார். அவருக்கு அப்பொழுது எழுபத்தெட்டு வயது. தகப்பனார் வாழ்நாளெல்லாம் ஓட்டிய வண்டியின் வாரிசை அவருக்குக் காட்டவேண்டுமென்று, மைத்துனன் புதிய டிபென்டர் ஒன்றை மூன்று நாளைக்கு வாடகைக்கு எடுத்தான். வண்டி மணலிலே பிறந்த அந்த ஆங்கில்சித் தீவுக்கே புறப்பட்டோம்.

மாமா ஏறப்போகையில் வண்டி தானாகவே இரண்டு அங்குலம் தணிந்து கொடுத்தது. சில்லுகளின்மேல் வில்லுகளுக்குப் பதிலாகக் காற்றுப் பைகள் இருக்கின்றனவாம். பெருஞ்சாலையிலே மணிக்கு எழுபது மைல் வேகத்தில் செல்லும்போது, வீட்டுத் திண்ணையில் பேசுவதுபோல மெல்லப் பேசினோம். பழைய வண்டியில் நாற்பது மைல் வேகத்திலேயே கூவித்தான் பேச வேண்டும். சுக்கான் சக்கரத்தை மைத்துனன் இரண்டு விரல்களால் திருப்பினான். எட்டுக் கியர்களும் தாமே மாறிக்கொண்டன.

தார்ச்சாலை முடிந்து, நாங்கள் தங்கவேண்டிய பண்ணைக்குச் செல்லும் சேற்றுப் பாதை வந்தது. செங்குத்தான இறக்கம், நல்ல மழை. மைத்துனன் பொத்தான்களை அழுத்தினான். வண்டி உயர்ந்தது. அப்படி உயர்ந்து நிற்கும்போது தரைக்கும் அடிப்பாகத்துக்கும் இடையே 291 மில்லிமீற்றர் இருக்கும் என்றான். கமராக்களின் உதவியால், முன்மூடிக்குக் கீழே மறைந்திருக்கும் தரை திரையிலே தெரிந்தது. இறக்கத்தில் அவன் பிரேக்கை மிதிக்கவில்லை; வண்டியே ஒவ்வொரு சில்லையும் தனித்தனியே பிடித்து விட்டு, நடைவேகத்தில் இறங்கியது. பக்கத்து ஆசனத்திலிருந்த மாமாவைப் பார்த்தேன். ஒவ்வொரு வளைவிலும் அவருடைய இடது கால் இல்லாத கிளச்சைத் தேடித் தரையை மிதித்துக்கொண்டிருந்தது.

"பார்த்தீர்களா மாமா, இதில் ஓட்டுகிறவனுக்கு வேலையே இல்லை. நீங்கள் ஓட்டியதல்லவா ஓட்டம்!" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பின்னாலிருந்தவள்

இரவு தேநீர் அருந்தும்போதுதான் அவர் வாய் திறந்தார்.

"தம்பி, நீ பிறப்பதற்கு முன்பு நடந்தது இது. ஐப்பசி மழை. லயத்திலே ஒரு பிள்ளைக்குப் பிரசவ வேதனை. பாதை பாதி கரைந்துபோயிருந்தது. ஏழு மைலையும் இரண்டு மணித்தியாலமாக ஓட்டினேன். பின்னால், பக்கவாட்டிலே போட்ட பலகை ஆசனத்தில் அவளைப் படுக்கவைத்து, அவள் தாய் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு குழிக்கும் அவள் கத்திய சத்தம் எனக்குக் கேட்டது. வேகமாகப் போனால் குலுக்கம். மெதுவாகப் போனால் நேரம். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள், கடவுள் புண்ணியம். மறுநாள் துரை முதல் கணக்கப்பிள்ளைவரை எல்லோரும் என் ஓட்டத்தை மெச்சினார்கள். அவளைப் போய் ஒருவரும் கேட்கவில்லை."

சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு, "இன்றைக்கு அந்த இறக்கத்தில் வரும்போது என் கையிலிருந்த தேநீர்க் குவளை சிந்தவில்லை. அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. இத்தனை வருஷமாக நான் அந்த வண்டியைச் சாரதியின் ஆசனத்திலிருந்தே அளந்திருக்கிறேன். எட்டு வயதுப் பையனுக்குக் குலுக்கம் விளையாட்டு. வேதனையில் கிடந்தவளுக்கு அது விளையாட்டன்று. பழைய வண்டி ஓட்டுகிறவனை வளர்த்தது. புதிய வண்டி ஏறியவர்களைப் பேணுகிறது. பழைய டிபென்டருக்கு விபத்தில் விரியும் காற்றுப் பைகள் இறுதிவரை கிடையா. புதியதோ 2020 ஆம் ஆண்டு ஐரோப்பியப் பாதுகாப்புச் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றது. பழையது 500 மில்லிமீற்றர் ஆழமான நீரைக் கடக்கவல்லது என்றார்கள். புதியதற்கு 900 மில்லிமீற்றர் என்கிறார்கள். முரட்டுத்தனம் குறைந்தால் வலிமையும் குறையும் என்று எண்ணியிருந்த என் கருத்துக்கு இந்தக் கணக்கு நேர்மாறு.

ஆனால் பழையதன் பக்கத்திலும் நியாயம் உண்டு. மறுநாட் காலை மாமா புதிய வண்டியின் முன்மூடியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். கறுப்பு உறைகளே கண்ணுக்குத் தெரிந்தன. "இங்கே கை வைக்க இடமில்லையே" என்றார். பழைய வண்டி நடுவழியில் நின்றால் ஒரு சாவியும் கொஞ்சம் கம்பியும் கொண்டு அதை மீண்டும் நடக்கவைப்பார். உடலின் தகடுகளைக்கூடத் துண்டு துண்டாகக் கழற்றி மாற்றலாம். இதன் பழுதைக் கண்டறியவே கணினி வேண்டும். அந்தக் கணினி உள்ள கராஜ் வேண்டும். மலைநாட்டிலோ வன்னியிலோ வாழ்கிறவனுக்கு இது சிறிய விஷயமன்று. விலையைப் பற்றியோ சொல்லவே வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் பண்ணையை விட்டுப் புறப்பட்டோம். முதல்நாள் எளிதாகக் கடந்த சிற்றோடை இரவு மழையில் பெருகியிருந்தது. வண்டி நீரின் ஆழத்தைத் தானே அளந்து திரையிலே காட்டும் என்று மைத்துனன் முன்னே செலுத்தப்போனான். "நிறுத்து" என்றார் மாமா. "இறங்கிப் பார்." தகப்பன் சொல்லைத் தட்டமாட்டாமல் அவன் குடையோடு இறங்கினான். நீர் ஆழமில்லை, முழங்காலுக்கும் கீழேதான். ஆனால் அக்கரையில் பாதை ஏறும் இடத்திலே, மண் அடியோடு அரிக்கப்பட்டு, மேலே புல் மட்டும் கூரைபோல் நின்றது. திரும்பிச் சென்று வேறு பாதையால் போனோம். மாமா அதைப்பற்றி மேற்கொண்டு ஒரு சொல்லும் பேசவில்லை.

கேள்வி கேட்ட மாணவனுக்கு என் விடை இது. ஓட்டக் கற்றுக்கொள்வதற்குப் பழையது நல்லது. உன் தாயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குப் புதியது நல்லது. இரண்டில் ஒன்றைத்தான் தெரிந்தெடுக்கலாம் என்றால், நான் புதியதையே தெரிந்தெடுப்பேன். ஒரு வண்டி எத்தகையது என்று அறிய வேண்டுமானால், முதலில் பின் ஆசனத்தில் இருப்பவரைக் கேள். எதிலே ஏறினாலும், நீர் குறுக்கிட்ட இடத்தில் இறங்கிப் பார்.