கண்ணாடிக்குள்ள ஒரு ரோபோ கை

காலேஜ் அட்மிஷன் சீசன் வந்தா விளம்பரத்துல ஒரு படம் தவறாம இருக்கும். வெள்ளை கோட்டு போட்ட நாலு பசங்க, நடுவுல பளபளன்னு ஒரு ரோபோ கை. கீழே ‘அதிநவீன ரோபோட்டிக்ஸ் ஆய்வகம்’. இதை நம்பி கடன் வாங்கி ஃபீஸ் கட்டுற அப்பா அம்மா எத்தனை பேர்!

ஆய்வகத்தோட தரம் கருவியோட விலையிலயா இருக்கு? இல்லைங்கறது என் கட்சி. சாட்சிக்கு ஒரு ஓட்டை வண்டியைக் கூப்பிடறேன்.

அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துல ‘கார்ட்’னு ஒண்ணு இருந்துச்சு. நாலு சின்ன சைக்கிள் சக்கரம், கார் பேட்டரி, டிவி கேமரா. அவ்வளவுதான். நிலாவுல ஓடற வண்டியை பூமியில இருந்து ஓட்ட முடியுமான்னு பார்க்க, 1960களின் தொடக்கத்துல ஜேம்ஸ் ஆடம்ஸ்ங்கற மாணவர் செஞ்சது. சிக்னல் போய் வர இரண்டரை விநாடி ஆகுமே, அதான் சிக்கல். அவர் போனப்புறம் அதே வண்டியை வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஓட வெச்சாங்க. 1973-ல சரிவுல இருந்து கவிழ்ந்து பேட்டரி ஆசிட் எல்லாம் கொட்டிடுச்சு. குப்பையில போடலை. ஹான்ஸ் மொராவெக்ங்கற இன்னொரு மாணவர் அதையே சரிபண்ணி எடுத்துக்கிட்டார்.

1979-ல நாற்காலிகள் நிறைஞ்ச ஒரு அறையை யார் உதவியும் இல்லாம அது கடந்துச்சு. எவ்வளவு நேரம்? சுமார் அஞ்சு மணி நேரம் :-) ஒரு மீட்டர் நகரும், நிக்கும், கேமராவை பக்கவாட்டுல நகர்த்தி ஒன்பது படம் எடுக்கும், பத்துப் பதினஞ்சு நிமிஷம் யோசிக்கும்.

2005-ல அதே பல்கலைக்கழகத்தோட ‘ஸ்டான்லி’ கார், ஓட்டுநர் இல்லாம பாலைவனத்துல 132 மைல் ஓடி தார்பா போட்டியில ஜெயிச்சுது.

இங்கே நான் பார்த்த ஒரு ஆய்வகத்துல ரோபோ கை கண்ணாடிக்குப் பின்னாடி இருந்துச்சு. விருந்தாளி வந்தா ஆன் பண்ணுவாங்களாம். “லட்சக்கணக்குல வாங்கினதை பசங்க உடைச்சுட்டா?”ன்னு கேட்பாங்க. நியாயம்தான். அப்ப உடைஞ்சாலும் வயிறு எரியாத விலையில பத்து சின்ன வண்டி வாங்குங்களேன். ஆர்ஓஎஸ் மென்பொருள் இலவசமாவே கிடைக்குது.

பிள்ளையைச் சேர்க்கப் போறவங்க ஒண்ணு செய்யுங்க. விலை கேட்காதீங்க. அங்கே படிக்கிற பையனையோ பொண்ணையோ தனியா கூப்பிட்டு, “இதை கடைசியா கழட்டி மாட்டினது யாருப்பா?”ன்னு கேளுங்க. பதில்லயே எல்லாம் தெரிஞ்சுடும்.

உங்க காலேஜ்ல எப்படி மக்களே? பின்னூட்டத்துல கொட்டுங்க.