தொகை பெருகியது, ஊர் மெலிந்தது

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் வேகமாக வளர்கின்றது. 2010இல் 2 கோடி 51 இலட்சமாயிருந்த சனத்தொகை 2020இல் 2 கோடி 91 இலட்சமானது. பிறப்பும், தொழில் தேடி வந்தோரின் வரவுமே காரணம். அதனால் பிரதிநிதிகள் சபையில் அம்மாநிலத்தின் ஆசனங்கள் 36இலிருந்து 38ஆக உயர்ந்தன.

ஆனால் கூட்டுத்தொகை எல்லாவற்றையும் சொல்லாது. அங்குள்ள 254 மாவட்டங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் அதே பத்தாண்டில் ஆட்கள் குறைந்தனர். பெருநகரங்களைச் சுற்றிச் சனம் பெருக, பருத்தியையும் மாட்டையும் நம்பிய மேற்குக் கிராமங்கள் பல மெலிந்தன. தலை குறைந்த ஊரின் குரலும் தாழ்ந்து போகின்றது.

இந்தக் கணக்கு எமக்கும் புதிதல்ல. எமது நாட்டில் ஆசனங்கள் வாக்காளர் இடாப்பைப் பார்த்தே பங்கிடப்படுகின்றன. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் 9 ஆசனங்கள், 2024இல் 6. போரும் இடப்பெயர்வும் புலப்பெயர்வும் இடாப்பை மெலியச் செய்தன. டெக்சாஸ் கமக்காரரின் பிள்ளைகள் பிழைப்புக்காக நகரம் போனார்கள், நாம் துரத்தப்பட்டோம். கணக்கெடுப்பவருக்கு இரண்டும் ஒன்றே.

ஆகவே, எங்கு தங்கியிருந்தாலும், இடாப்புத் திருத்தும் காலத்தில் கிராம அலுவலரிடம் வீட்டில் பதினெட்டு வயதான அனைவரின் பெயரையும் பதிவோம். விதைநெல்லைக் காப்பதுபோல் எம் பெயர்களையும் காப்போம்.